சூரிக்கிலிருந்து மணிலாவுக்கு: மார்க்கோஸ் பணம் திரும்பிய பதினேழு ஆண்டுகள்

அத்தியாயம் 7

1986 மார்ச் 24 அன்று சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி அமைச்சரவை, ஒரு மாதத்துக்கு முன் பதவியிழந்து நாட்டைவிட்டு ஓடியிருந்த பிலிப்பைன்ஸ் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ், அவருடைய மனைவி இமெல்டா, அவர்களின் உறவினர், நெருங்கிய கூட்டாளிகள் ஆகியோருக்குச் சுவிஸ் வங்கிகளில் இருந்த சொத்துகள் அனைத்தையும் முடக்கி ஆணையிட்டது. முடக்கம் என்பது பணத்தைப் பறிப்பதன்று. உரிமை யாருக்கு என்பது தீரும்வரை கணக்கிலிருந்து ஒரு பிராங்கும் வெளியேறாதபடி நிறுத்திவைப்பது மட்டுமே. அந்த ஆணையைக் கோரி மணிலாவிலிருந்து முறையான விண்ணப்பம் எதுவும் அன்றுவரை வந்து சேர்ந்திருக்கவில்லை. எந்த நீதிமன்றத்திலும் குற்றம் நிரூபிக்கப்பட்டிருக்கவில்லை. அத்தகைய ஆணைக்கு இடங்கொடுக்கும் தனிச் சட்டமும் சுவிட்சர்லாந்தில் இருக்கவில்லை. அயலுறவில் நாட்டின் நலனைக் காக்கும் பொறுப்பை அமைச்சரவைக்கு அளித்திருந்த அரசியலமைப்பின் பொது விதி ஒன்றே ஆதாரமாகக் காட்டப்பட்டது.

வியப்புக்குரியது அந்த ஆணை பிறந்த இடம். 1934ஆம் ஆண்டின் சுவிஸ் வங்கிச் சட்டம், தன் 47ஆம் பிரிவில், வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியிடும் வங்கி ஊழியரைக் குற்றவாளியாக்கியிருந்ததால், பிற நாடுகளில் தொழில் ஒழுக்கமாக மட்டும் இருந்த வங்கி இரகசியம் அங்கே தண்டனைச் சட்டத்தின் காவலைப் பெற்றிருந்தது. 1977இல், இத்தாலிய எல்லையிலுள்ள கியாசோ கிளையின் வழியாகக் கிரெடிட் சூயிஸ் வங்கி, இத்தாலியிலிருந்து தப்பிவந்த பணத்தை லீக்டன்ஸ்டைன் நிறுவனம் ஒன்றுக்குத் திருப்பிவிட்டுப் பெரும் நட்டமடைந்த விவகாரம் வெடித்தபோதுகூட, வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்துகொள்வதாக வங்கிகள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனவே தவிர, சட்டம் மாறவில்லை. வங்கி இரகசியத்தைத் தளர்த்த வேண்டும் என்று சமூக ஜனநாயகக் கட்சி முன்னெடுத்த கோரிக்கை 1984 மே மாதம் பொது வாக்கெடுப்புக்கு வந்து, வாக்களித்தோரில் 73 விழுக்காட்டினரால் நிராகரிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பின் இரண்டு ஆண்டுகூட நிறையாத நிலையில்தான், அதே நாட்டின் அரசு தானே முன்வந்து ஒரு வாடிக்கையாளரின் பெட்டகத்தைப் பூட்டியது.

மார்க்கோஸின் அதிகாரப் பத்திரத்தோடு ஒருவர் சூரிக்குக்கு வந்து பெருந்தொகையை வெளியே எடுக்க முயன்றதும், வங்கி அதை வங்கிக் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தெரிவித்ததும் உடனடிக் காரணங்கள். ஆழமான காரணம் நற்பெயர். மணிலாவின் தெருக்களில் இலட்சக்கணக்கான மக்கள் பீரங்கி வண்டிகளை மறித்து நின்ற காட்சியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்து முடித்திருந்த வாரங்களில், அவர்கள் விரட்டிய மனிதரின் பணம் ஓரிரவில் சூரிக்கிலிருந்து வேறெங்கோ மறைந்துவிட்டது என்ற செய்தி வந்தால் அதன் விலை என்ன என்பதைச் சுவிஸ் தலைநகர் பெர்னில் இருந்தவர்கள் நன்கு கணக்கிட்டிருந்தனர். பிற்காலச் சுவிஸ் அரசு வெளியீடுகள் இந்த முடிவை ஒரு கொள்கையின் தொடக்கமாகப் போற்றுகின்றன. அன்றைய நிலையில் அது கொள்கை என்பதைவிடத் தற்காப்பு என்பதே பொருந்தும். எனினும், முடக்குவதற்கு ஒரு நாள் போதுமானதாக இருந்த அதே பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஏன் பதினேழு ஆண்டுகள் ஆயின என்பதில்தான், திருடப்பட்ட அரசுச் சொத்தை மீட்கும் பன்னாட்டுச் சட்டத்தின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

பணம் சேர்ந்த விதத்தை முதலில் காண வேண்டும். மார்க்கோஸ் பதவியேற்றது 1965 டிசம்பர் 30. இரண்டு ஆண்டும் சில வாரங்களும் கடந்த 1968 மார்ச்சில், பின்னாளில் கிரெடிட் சூயிஸ் என்றே அறியப்பட்ட சூரிக் வங்கியில், வில்லியம் சாண்டர்ஸ் என்ற புனைபெயரில் அவரும், ஜேன் ரயன் என்ற புனைபெயரில் அவருடைய மனைவியும் கணக்குத் தொடங்கினர். இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டதோ 1972 செப்டம்பரில். ஆகவே, சர்வாதிகாரம் கொள்ளையைப் பிறப்பித்தது என்று பொதுவாகச் சொல்லப்படும் வரிசையை இந்தத் தேதிகள் திருப்பிப் போடுகின்றன. 1970 முதல் கணக்குகள் லீக்டன்ஸ்டைன் நாட்டில் பதிவுசெய்யப்பட்ட அறக்கட்டளைகளின் பெயருக்கு மாறின. நிறுவியவர் யார், பயன் பெறுபவர் யார் என்பதைப் பொதுப் பதிவேட்டில் காட்டாமல் தனியான உள்விதிகளில் வைத்துக்கொள்ளவும், உள்ளூர் வழக்கறிஞர்களை நிர்வாகிகளாக அமர்த்தி உரிமையாளர் பின்னால் நிற்கவும் அந்நாட்டுச் சட்டம் இடமளித்தது. சாண்டி என்ற அறக்கட்டளை விண்ட்ரோப் என்று பெயர் மாறி, அதன் சொத்து அவெர்டினா என்ற மற்றொன்றுக்குச் சென்றது. அசியோ, மாலெர், டிரினிடாட், ரோசாலிஸ் என இதேபோல் வேறு தொகுதிகளும் இருந்தன. பெயர் மாறும் ஒவ்வொரு முறையும் பணத்துக்கும் மனிதருக்கும் இடையே மேலும் ஒரு சுவர் எழுந்தது.

அந்தச் சுவர்களை உடைத்தவை மார்க்கோஸ் குடும்பம் தானே பத்திரப்படுத்தி வைத்திருந்த தாள்கள். 1986 பிப்ரவரி 25 இரவு அமெரிக்க ஹெலிகாப்டர்களில் மலகன்யாங் அரண்மனையைவிட்டு அவர்கள் வெளியேறியபோது வங்கி ஆவணங்கள் பலவும், புனைபெயர்களைத் தேர்ந்த கையெழுத்துத் தாள்கள் உட்பட, அங்கேயே தங்கிவிட்டன. கூடவே எடுத்துச் சென்றவையும் காக்கப்படவில்லை: ஹவாயில் இறங்கியதும் அமெரிக்கச் சுங்கத்துறை நகைகளையும் புதிதாக அச்சிட்ட பெசோ நோட்டுப் பெட்டிகளையும் ஆவணங்களையும் பட்டியலிட்டுத் தன் காவலில் எடுத்துக்கொண்டு, ஆவணங்களின் நகல்களை மார்ச் மாதத்திலேயே மணிலாவின் புதிய அரசுக்குக் கொடுத்தது. இருபது ஆண்டுகள் மார்க்கோஸைத் தாங்கிய வாஷிங்டன் செய்த முதல் உதவி, சுங்க அதிகாரிகள் எழுதிய அந்தப் பட்டியலே எனலாம்.

அதிபராகப் பொறுப்பேற்ற கோரசோன் அக்கினோ பிப்ரவரி 28 அன்று வெளியிட்ட முதல் நிருவாக ஆணையே, மார்க்கோஸ் குடும்பமும் கூட்டாளிகளும் முறைகேடாகச் சேர்த்த சொத்தை மீட்பதற்கென நல்லாட்சிக்கான அதிபர் ஆணையத்தை அமைத்தது. அதன் முதல் தலைவர் ஹோவிட்டோ சலோங்கா. 1971 ஆகஸ்டில் பிளாசா மிராண்டா தேர்தல் கூட்டத்தில் வீசப்பட்ட கையெறிகுண்டுகளில் ஒரு கண்ணின் பார்வையை இழந்த செனட்டர். சுவிஸ் வழக்குகளுக்கு அவர் அமர்த்திக்கொண்ட மூன்று வழக்கறிஞர்களின் தேர்வில் அரசியல் நுட்பம் தெரிகிறது. சூரிக்கின் மோரிட்ஸ் லாயென்பெர்கர் ஜெர்மன் பேசுபவர், ஜெனீவாவின் கீ ஃபொன்டானே பிரெஞ்சு பேசுபவர், லொகார்னோவின் செர்ஜியோ சல்வியோனி இத்தாலியன் பேசுபவர். மூவரும் வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த அரசியலாளர்கள். அன்னிய அரசு ஒன்றின் வழக்கை அந்நாட்டின் எந்தத் தரப்பும் எதிர்த்தரப்பின் வழக்கு என்று ஒதுக்கிவிடாதபடி செய்த ஏற்பாடு அது. லாயென்பெர்கர் பின்னாளில் கூட்டாட்சி அமைச்சரானார். இரு முறை நாட்டின் தலைவராகவும் இருந்தார்.

நியூயார்க்கில், மன்ஹாட்டனின் ஐந்தாம் அவென்யூவிலிருந்த கிரௌன் கட்டடம், வால் ஸ்ட்ரீட்டின் 40ஆம் எண் கட்டடம் உள்ளிட்டவற்றை விற்கவிடாமல் இடைக்காலத் தடை பெறுவது 1986இலேயே முடிந்தது. அங்கே சொத்து கண்ணெதிரில் நின்றது. மறைவில் இருந்தவர் உரிமையாளர் மட்டுமே. சுவிட்சர்லாந்தில் இரண்டுமே மறைவில் இருந்தன.

அங்கே செல்லக்கூடிய ஒரே வழி பரஸ்பரச் சட்ட உதவி. ஒரு நாட்டின் குற்ற விசாரணைக்கு வேண்டிய சான்றுகளையும் பொருள்களையும் மற்றொரு நாடு தன் நீதித்துறையின் வழியாகத் திரட்டிக் கொடுப்பதே இதன் பொருள். 1981இல் இயற்றப்பட்டு 1983இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் கூட்டாட்சிச் சட்டம், ஒப்பந்தம் செய்துகொள்ளாத நாடுகளுக்கும் அத்தகைய உதவியை அனுமதித்தது; ஆனால் கோரப்படும் செயல் இரு நாடுகளிலும் குற்றமாக இருக்க வேண்டும், கொடுக்கப்படும் ஆவணம் சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் இருந்தன. அவை ஒவ்வொன்றும் ஒரு மேல்முறையீட்டுக்கு வாசல். மாகாண அதிகாரிகள் இட்ட ஆணைகளை அறக்கட்டளைகளும் வங்கிகளும் மார்க்கோஸ் தரப்பும் மாகாண நீதிமன்றம், கூட்டாட்சி நீதிமன்றம் என்று படிப்படியாக எதிர்த்தன. நான்கரை ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1990 டிசம்பர் 21 அன்று, லோசானில் அமர்ந்த கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வழியைத் திறந்தது: ஆவணங்களைக் கொடுக்கலாம், பணத்தையும் கொடுக்கலாம், ஆனால் அது யாருடையது என்பதைப் பிலிப்பைன்ஸ் நீதிமன்றம் ஒன்று இறுதியாகத் தீர்த்த பின்னரே, அதற்கான வழக்கு ஓராண்டுக்குள் தொடங்கப்பட வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாக இருந்த இந்த நிபந்தனை, முரணாக, மணிலாவின் பலவீனத்தையே இலக்காகக் கொண்டது. சர்வாதிகாரம் ஆண்டுக்கணக்கில் வளைத்துவைத்த நீதித்துறையிடம், அந்தச் சர்வாதிகாரிக்கு எதிராகக் குறையற்ற இறுதித் தீர்ப்பைப் பெற்றுவருமாறு கேட்கப்பட்டது. போதாததற்கு, மார்க்கோஸ் 1989 செப்டம்பர் 28 அன்று ஹொனலுலுவில் இறந்துவிட்டிருந்தார்; குற்ற வழக்கு குற்றஞ்சாட்டப்பட்டவரோடு முடிந்துவிடும். இமெல்டா மீது நியூயார்க்கில் நடந்த குற்ற வழக்கோ 1990 ஜூலையில் விடுதலையில் முடிந்தது.

மீட்டெடுத்தது ஒரு பழைய சட்டம். 1955இல், மார்க்கோஸ் கீழவை உறுப்பினராக இருந்த காலத்தில் இயற்றப்பட்ட 1379ஆம் எண் குடியரசுச் சட்டம், அரசுப் பதவியில் இருப்பவரின் சொத்து அவருடைய சம்பளத்துக்கும் சட்டபூர்வமான பிற வருவாய்க்கும் வெளிப்படையாகப் பொருந்தாத அளவில் இருந்தால், அது முறைகேடாகச் சேர்ந்ததென்றே முதற்கண் கொள்ளப்படும் என்றும், அன்றென்று காட்டும் பொறுப்பு அவரையே சாரும் என்றும் கூறியது. வருமானத்துக்கு மீறிய சொத்துக் குவிப்பு என்ற குற்றச்சாட்டு தமிழ் வாசகருக்குப் பழக்கமானது. ஆனால் அதிலிருந்து இது ஒரு முக்கியப் புள்ளியில் விலகுகிறது. இந்தியச் சட்டத்தில் அது ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் குற்றம். பிலிப்பைன்ஸ் சட்டத்தில் அது சொத்தை அரசுடைமையாக்கக் கோரும் மனு. கூண்டில் நிற்பது மனிதரன்று, சொத்து. ஆகவே மனிதர் இறந்தாலும் வழக்கு நடக்கும். 1991 டிசம்பர் 17 அன்று, லோசான் கொடுத்த கெடு முடிய நான்கு நாள்கள் இருக்கும்போது, அந்த மனு சான்டிகான்பாயன் என்னும் ஊழல் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. அந்த நீதிமன்றத்தை 1978இல் ஆணை பிறப்பித்து நிறுவியவர் மார்க்கோஸ்.

வழக்கு நகரவில்லை. அலுத்துப்போன ஆணையம், சலோங்கா விலகி நெடுநாள்களான பின், 1993 டிசம்பர் 28 அன்று மார்க்கோஸின் வாரிசுகளோடு ஒரு சமரசத்துக்கு வந்தது. அடையாளம் காணப்படும் சொத்தில் 75 விழுக்காடு அரசுக்கு, 25 விழுக்காடு குடும்பத்துக்கு. குடும்பத்தின் பங்குக்கு வரி கிடையாது. நிலுவையிலுள்ள வழக்குகள் கைவிடப்படும். முன்னாள் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஃபிராங்க் சாவெஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998 டிசம்பர் 9 அன்று இதைச் செல்லாததாக்கியது. வரிவிலக்கு அளிப்பது நாடாளுமன்றத்தின் அதிகாரம், குற்ற வழக்கை முடிப்பது நீதிமன்றத்தின் அதிகாரம், இரண்டையும் ஓர் ஆணையம் விலைபேச முடியாது என்பது அதன் காரணம். திருடியவருக்கே கால்பங்கு தரும் ஏற்பாட்டை வெட்கக்கேடென்று ஒதுக்குவது எளிது. ஆனால் பணம் வெளிநாட்டில் முடங்கி, தீர்ப்பு உள்நாட்டில் முடங்கிக் கிடக்கும்போது இத்தகைய பேரம் எழாத மீட்பு வழக்கு மிகக் குறைவு.

இதற்கிடையே சுவிட்சர்லாந்து தன் சட்டத்தைத் திருத்தியது. 1997 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், குற்றத்தின் வழியே வந்ததென்பது தெளிவான சொத்தை, தக்க சூழ்நிலையில் இறுதித் தீர்ப்புக்கு முன்பே ஒப்படைக்க இடந்தந்தது. அதன்படி 1997 டிசம்பர் 10 அன்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பணத்தை உடனே மணிலாவிலுள்ள பிலிப்பைன்ஸ் தேசிய வங்கியின் எஸ்க்ரோ கணக்குக்கு அனுப்ப அனுமதித்தது. எஸ்க்ரோ என்பது, வழக்கின் இரு தரப்புக்கும் எட்டாதபடி மூன்றாமவர் ஒருவரின் பொறுப்பில், குறிப்பிட்ட நிபந்தனை நிறைவேறும்வரை வைக்கப்படும் பணம். குற்றத் தண்டனை வேண்டியதில்லை, சொத்துப் பறிமுதல் வழக்கின் தீர்ப்பே போதும் என்றும் அது ஏற்றது. கூடவே, அந்த விசாரணை குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை வகுத்த நியாயமான விசாரணையின் தரத்துக்கு உட்பட வேண்டும், மார்க்கோஸ் ஆட்சியில் வதைபட்டோருக்கு இழப்பீடு தருவது பற்றிச் சுவிஸ் அரசுக்கு அவ்வப்போது தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் தீர்ப்பொன்று, அது போய்ச்சேரும் இடத்தையும் கவனித்தது இங்கேதான். 1998இல் பணம் மணிலா வந்தது.

வந்த பணம் மேலும் ஐந்து ஆண்டுகள் அசையவில்லை. 2000 செப்டம்பர் 19 அன்று சான்டிகான்பாயன், உண்மைகளில் மெய்யான தகராறு எதுவும் இல்லை என்று கூறி, சாட்சி விசாரணை இல்லாத சுருக்கத் தீர்ப்பாகப் பணத்தை அரசுக்கு அளித்தது. 2002 ஜனவரி 31 அன்று அதே நீதிமன்றம் அதைத் தானே திருப்பிக்கொண்டது. சுவிஸ் தீர்ப்புகளின் சான்றளிக்கப்பட்ட மூலங்களும் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்புகளும் தாக்கலாகவில்லை என்பது அது சொன்ன காரணம். இரு நாடுகளின் உச்ச நீதிமன்றங்களும் இரு அரசாங்கங்களும் ஈடுபட்டிருந்த வழக்கு, முத்திரையிட்ட மொழிபெயர்ப்புக்காக நின்றது.

அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2003 ஜூலை 15 அன்று நீதிபதி ரெனாட்டோ கொரோனா எழுதிய தீர்ப்பு, கணக்குப் புத்தகத்தின் எளிமையோடு வாதத்தை அடுக்குகிறது. அதிபரின் ஆண்டுச் சம்பளம் 1976வரை 60,000 பெசோ, பின்னர் ஒரு இலட்சம், 1985இல் 1,10,000; இமெல்டாவின் அமைச்சர் சம்பளம் ஆண்டுக்கு 75,000. இருபதாண்டுகளுக்கு இருவருக்கும் சேர்த்து, அன்றன்றைய மாற்றுவிகிதத்தில், 3,04,372 டாலர். சுவிஸ் கணக்குகளில் இருந்ததோ 35.6 கோடி டாலர்; 2002 ஜனவரி இறுதியில் அது வட்டியோடு வளர்ந்து 65.8 கோடியாகியிருந்தது. வருமான வரிக் கணக்குகளில் மார்க்கோஸ் காட்டியிருந்த தொகை சம்பளத்தைவிட மிகுதிதான், 1965 முதல் 1984வரை 1.64 கோடி பெசோ. ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1.11 கோடி, அதிபராகும் முன் செய்த வழக்கறிஞர் தொழிலில் வரவேண்டியிருந்த நிலுவை என்று எழுதப்பட்டிருந்தது. அந்த நிலுவையைச் செலுத்திய கட்சிக்காரர் ஒருவர் பெயரும் இல்லை என்பதை அரசின் மனு சுட்டியது.

மார்க்கோஸ் குடும்பத்தின் பதில்மனுவைத் தீர்ப்பு பிரித்துப் பார்த்த விதம் இந்த வழக்கின் மையம். குற்றச்சாட்டுகளை அவர்கள் நேராக மறுக்கவில்லை. நம்பிக்கை கொள்ளப் போதிய அறிவு தங்களுக்கு இல்லை என்றும், நடந்தவை நெடுங்காலத்துக்கு முற்பட்டவை ஆதலால் நினைவில் இல்லை என்றும், சொத்து சட்டபூர்வமாகச் சேர்ந்தது என்றும் மாறி மாறிச் சொன்னார்கள். சட்டபூர்வமாகச் சேர்ந்தது என்று சொல்லும்போது சொத்து தமது என்பது ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. எப்படி என்று சொல்லாதபோது மறுப்பு வெறுமையாகிவிடுகிறது. மறுப்பின் வயிற்றிலேயே ஒப்புதல் இருக்கும் இத்தகைய பதிலை மறுப்பாக ஏற்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. மேலும், 1998 மே மாதம் இமெல்டாவே சான்டிகான்பாயனில் அளித்த மனுவில், அறக்கட்டளைகளின் பெயரிலுள்ள வைப்புகளில் 90 விழுக்காடு தமக்கும் 10 விழுக்காடு கணவரின் மரபுச்சொத்துக்கும் உரியவை என்று உரிமை கொண்டாடியிருந்தார். செல்லாதென்று தள்ளப்பட்ட 1993ஆம் ஆண்டின் சமரசப் பத்திரங்களும் உரிமையை ஒப்புக்கொண்ட சான்றாக நின்றன. பத்தாண்டுகளாக வழக்கைத் தாமதித்த உத்திகளே கடைசியில் அதை முடித்தன. பணம் முழுவதும் அரசுடைமையாயிற்று. 2004 தொடக்கத்தில் கருவூலத்தைச் சேர்ந்தது.

அந்தத் தீர்ப்பை எழுதிய கொரோனா பின்னர் தலைமை நீதிபதியாகி, தம் சொத்து அறிக்கையில் வங்கி வைப்புகளை முறையாகக் காட்டவில்லை என்ற குற்றச்சாட்டில் 2012 மே 29 அன்று செனட்டால் பதவிநீக்கப்பட்டார் என்பதை வரலாறு ஒரு ஓரக்குறிப்பாக வைத்திருக்கிறது. இதனால் 2003ஆம் ஆண்டின் தீர்ப்பின் தர்க்கம் குறைபடவில்லை.

பணம் யாருக்கு என்ற கேள்வி கருவூலத்தோடு முடியவில்லை. மார்க்கோஸ் ஆட்சியில் சித்திரவதைக்குள்ளானவர்கள், கொல்லப்பட்டோரின், காணாமற்போனோரின் குடும்பத்தினர் என 9,539 பேர் சார்பில் ஹவாய் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், நீதிபதி மானுவெல் ரியல் 1995இல் மார்க்கோஸின் மரபுச்சொத்து ஏறத்தாழ 200 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தார். தீர்ப்பு கையில் இருந்தது. வசூலிக்கச் சொத்து இல்லை. சுவிஸ் வங்கிகளின் அமெரிக்கக் கிளைகள் வழியாகப் பணத்தைப் பெற அவர்கள் முயன்றபோது, வேறொரு நாட்டின் அரசு முடக்கிய சொத்தில் அமெரிக்க நீதிமன்றம் கைவைக்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் தடுத்தது. மார்க்கோஸ் 1972இல் 20 இலட்சம் டாலரோடு தொடங்கிய அரெல்மா நிறுவனத்தின் நியூயார்க் கணக்கை அவர்கள் கோரியபோது எதிர்த்து நின்றது பிலிப்பைன்ஸ் அரசே. அந்த அரசின் இறையாண்மையைக் காட்டி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் அந்த வழக்கைத் தள்ளியது. மீட்கும் சொத்து நிலச்சீர்திருத்தத்துக்கே செல்ல வேண்டும் என்று மணிலாவின் சட்டம் சொன்னதால், வதைபட்டவர்களும் நிலமற்ற உழவர்களும் ஒரே பணத்துக்கு எதிரெதிராக நிறுத்தப்பட்டார்கள். மக்களுக்குச் சொந்தமானது என்றும், மக்களுக்காக அரசிடம் ஒப்படைக்கப்படுவது என்றும் எல்லா மீட்பு ஆவணங்களும் பேசும்போது, அரசும் மக்களும் ஒன்றல்ல என்ற உண்மை அவற்றில் எழுதப்படாமல் போகிறது.

அந்த முடிச்சை அவிழ்க்க, அரசுக்குப் பணம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2013 பிப்ரவரி 25 அன்று, கோரசோனின் மகன் அதிபர் மூன்றாம் பெனிக்னோ அக்கினோ கையெழுத்திட்ட 10368ஆம் எண் சட்டம், சுவிஸ் பணத்திலிருந்து 1,000 கோடி பெசோவை வதைபட்டோருக்கு ஒதுக்கியது. 75,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்களைப் பரிசீலித்த வாரியம் 11,103 பேரை ஏற்று, 2018இல் தன் பணிக்காலத்தை முடித்தது. அதே 2018 நவம்பரில் சான்டிகான்பாயன், அரசுப் பதவியில் இருந்துகொண்டே சுவிஸ் அறக்கட்டளைகளை நடத்தியதற்காக இமெல்டாவை ஏழு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்த்தது. பிணையில் இருந்தபடி அவர் மேல்முறையீடு செய்தார். நான்கு ஆண்டுகளுக்குள் அவருடைய மகன் நாட்டின் அதிபரானார்.

இந்தப் பதினேழு ஆண்டுகளுக்கு ஓர் அளவுகோலாக, அதே 1986 பிப்ரவரியில் தொடங்கிய மற்றொரு வழக்கைக் கூறலாம். ஹெய்ட்டியின் அதிபர் ழான்-க்ளோத் டுவாலியே பிப்ரவரி 7 அன்று, மார்க்கோஸுக்குச் சில நாள்கள் முன்னதாக, நாட்டைவிட்டு ஓடினார். அவருடைய சுவிஸ் பணமும் முடக்கப்பட்டது. ஆனால் ஹெய்ட்டியில் ஒரு சலோங்கா இல்லை, நிலைத்த அரசும் இல்லை. இராணுவக் கலகங்களுக்கிடையே வழக்கு அறுந்தது. குற்றங்கள் காலாவதியாகிவிட்டன என்று கூறி, சுமார் 60 இலட்சம் டாலரை டுவாலியே குடும்பத்துக்கே விடுவிக்கும்படியான சுவிஸ் தீர்ப்பு 2010 ஜனவரி 12 தேதியிட்டது; ஹெய்ட்டியின் தலைநகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கிய நாளும் அதுவே. தீர்ப்பு வெளியான உடனே சுவிஸ் அமைச்சரவை பணத்தை மீண்டும் முடக்கியது; கோரும் நாட்டின் அரசு செயலிழந்திருந்தால் சுவிட்சர்லாந்தே பறிமுதல் செய்ய வழிசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. 2011 பிப்ரவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. உதவி தேவைப்படும் நாடே உதவி பெறத் தகுதியற்றதாகிவிடும் வினோதத்தை ஒப்புக்கொள்ள இருபத்தைந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன.

மணிலாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து ஏறத்தாழ ஐந்து மாதங்கள் கழிந்து, 2003 டிசம்பர் 9 அன்று, மெக்சிகோவின் மெரிடா நகரில் ஊழலுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. சொத்துகளைத் திருப்பி அளிப்பது இவ்வுடன்படிக்கையின் அடிப்படைக் கோட்பாடு என்று 51ஆம் உறுப்பில் அறிவித்த அது, மார்க்கோஸ் வழக்கு திறந்துவைத்த கேள்விகளுக்கு ஏறத்தாழ வரிசையாகவே பதில் எழுதியிருக்கிறது. குற்றவாளி இறந்தோ தப்பியோ போனால் தண்டனையின்றியே சொத்தைப் பறிமுதல் செய்ய இடந்தரும் சட்டத்தை உறுப்பு நாடுகள் பரிசீலிக்க வேண்டும் என்கிறது 54ஆம் உறுப்பு. கையாடப்பட்ட பொதுப் பணத்தைக் கோரும் அரசுக்குத் திருப்ப வேண்டும், அதற்கு அந்நாட்டின் இறுதித் தீர்ப்பு அடிப்படை, ஆனால் அந்தத் தேவையைப் பணம் உள்ள நாடு விட்டுக்கொடுக்கலாம் என்கிறது 57ஆம் உறுப்பு. பன்னிரண்டு ஆண்டுகள் மணிலாவை நீதிமன்றப் படிகளில் ஏற்றி இறக்கிய நிபந்தனை, இப்போது பணம் வைத்திருப்பவரின் விருப்பத்துக்குரியதாயிற்று. பிலிப்பைன்ஸ் 2006இல் உடன்படிக்கையை ஏற்றது; சுவிட்சர்லாந்து 2009இல்.

ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும். சூரிக்கின் இரகசியத்தை எதிர்த்து வழக்காடிய பிலிப்பைன்ஸ், 1955இல் இயற்றிய தன் வங்கி வைப்பு இரகசியச் சட்டத்தைத் தொடாமல் வைத்திருந்தது. பணமோசடிக்கு எதிரான பன்னாட்டு நிதி நடவடிக்கைக் குழு 2000 ஜூனில் ஒத்துழைக்காத நாடுகளின் பட்டியலில் அதைச் சேர்த்த பின்னரே, 2001 செப்டம்பரில் பணமோசடித் தடுப்புச் சட்டம் வந்தது.

இறுதித் தீர்ப்பு என்ற தேவையைச் சுவிஸ் நீதிமன்றம் உண்மையிலேயே விட்டுக்கொடுத்தது 2005 பிப்ரவரி 7 அன்று. நைஜீரியாவின் முன்னாள் இராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சா குடும்பத்தின் பணத்தைக் குறித்த அந்தத் தீர்ப்பு, பணத்தின் குற்றமூலம் வெளிப்படை என்பதையே போதுமான காரணமாகக் கொண்டது. அதன் பெரும்பகுதி உலக வங்கியின் கண்காணிப்போடு அபுஜாவுக்குத் திரும்பியது. அபாச்சாவின் நான்கரை ஆண்டு ஆட்சியில் அந்தப் பணம் மத்திய வங்கியிலிருந்து வெளியேறிய முறையை அடுத்த அத்தியாயம் கூறும்.